‘வேறு வருத்தமும் இருந்தது’ என்றால் என்ன அர்த்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் கொரோனா காலத்தைத் திரும்பிப் பார்க்கிற ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான், குறை பிடிக்க எழுதவில்லை. ஆனால் ‘இறந்தவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள், ஏற்கனவே வேறு நோய்கள் உள்ளவர்கள்’ என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு, எழுதியவர் அடுத்த பந்திக்குப் போய்விட்டார். அந்த வரியிலேயே நான் நின்றுவிட்டேன். தேத்தண்ணீர்க் கடையிலும் இதையேதான் சொல்கிறார்கள், செத்த வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். “அவருக்குச் சீனி இருந்ததுதானே” என்று நீரிழிவைச் சொன்னால் சரி, கதை முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டுவதானால் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டாமல் விடுங்கள்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் 22 வருடமாக ஒரு சின்ன பார்மசி வைத்திருக்கிறேன். வைத்தியரும் இல்லை, படித்து ஆய்வு செய்கிற ஆளும் இல்லை. ஆனால் கிளினிக் கொப்பி பார்த்த அளவுக்கு நான் பத்திரிகைகூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து இல்லை என்றால், ‘வெளியில் எடுக்கவும்’ என்று எழுதிய துண்டோடு கொப்பியும் என் கண்ணாடி மேசைக்கு வந்துவிடும். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைச் சனம் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையில், வந்து குருமண்வெளியில் இறங்குவார்கள், தோணியோ பாதையோ தண்ணி அடித்தால் நனைந்துவிடும் என்று கொப்பியைப் பால்மாப் பைக்கற்றின் வெள்ளி உறைக்குள் வைத்து, அதையும் ஒரு ஷொப்பிங் பைக்குள் சுற்றி, றப்பர் பட்டி போட்டிருப்பார்கள். பிரித்தால் சீனிக்கு மெற்போமின், பிரசருக்கு லொசார்டன், கொலஸ்ரோலுக்கு அற்றோவாஸ்ரட்டின், இந்த மூன்றும் கட்டாயம் இருக்கும். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சீனி வருத்தம் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் 60 தாண்டிய ஒருவரைக் காட்டி ‘இவருக்கு வேறு வருத்தம் ஒன்றும் இல்லை’ என்று யாராவது சொன்னால், அவர் கிளினிக்குக்கே போகாத ஆளாக இருப்பார், அவ்வளவுதான்.

அப்படியான இடத்தில் ‘வேறு நோய்கள் உள்ளவர்கள்’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது? வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருக்கிற எல்லோரையும்தான்.

2020 ஞாபகம் இருக்கும். மார்ச் 28இல் நாட்டின் முதல் மரணம். 60 வயது ஆண், சீனியும் உயர் இரத்த அழுத்தமும் இருந்தவர் என்று செய்தியில் சொன்னார்கள். அப்போது நாங்கள் பயந்ததெல்லாம் வெளியாட்களுக்குத்தான். அந்த மாதத் தொடக்கத்தில் இத்தாலியில் இருந்தும் கொரியாவில் இருந்தும் வந்தவர்களைத் தனிமைப்படுத்தப் புனானைப் பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்தபோது, மட்டக்களப்பில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் எங்களுக்கு வினை வந்தது மீனோடு. ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் பிடித்தது, அங்கே போய் வந்தவர்களோடு வாழைச்சேனைக்கு வந்தது, அப்புறம் நவம்பரில் அக்கரைப்பற்றுச் சந்தை, வருடம் முடிகிற நேரம் காத்தான்குடி முடக்கம். இதெல்லாம் உங்கள் பத்திரிகையிலேயே வந்தவைதான்.

அந்த நாட்களில் மரண அறிவித்தல் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பந்தி. இன்ன ஊர், இத்தனை வயது, ஆண் அல்லது பெண், எந்த ஆஸ்பத்திரியில் இருந்து எங்கே மாற்றப்பட்டார், எந்தத் தேதி இறந்தார், காரணம் கொவிட் நியூமோனியா, நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய் என்று வரிசையாக. பேர் மட்டும்தான் இருக்காது. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு போனில் வரும், என் மனைவி சத்தமாக வாசிப்பாள், நான் கணக்குக் காசு எண்ணிக்கொண்டே கேட்பேன். கேட்கும்போது நான் தேடியது ஒன்றே ஒன்றுதான், எனக்கு இல்லாத ஒரு வருத்தம் அதில் இருக்கிறதா என்று. சிறுநீரகம் என்று வந்தால் ஒரு நிம்மதி. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்களும் அப்படித்தான் வாசித்திருப்பீர்கள்.

அந்த வருடம் முழுவதும் சேர்த்து நாட்டில் இறந்தவர்கள் 200 பேர் அளவில். 2021 ஓகஸ்ட் கடைசியில் ஒரே நாளில் 200க்கு மேல். தனித்தனிப் பந்தி எழுத யாருக்கும் நேரம் இல்லை, அறிவித்தல் ஒரு சின்ன அட்டவணையாகச் சுருங்கியது. ஆண், பெண். 30க்குக் கீழ், 30 முதல் 59, 60க்கு மேல். அவ்வளவுதான். என் மாமா, அதாவது மனைவியின் தகப்பன், அந்த அட்டவணையின் ஆண் வரிசையில் ‘60க்கு மேல்’ என்ற கட்டத்துக்குள் ஒரு ஆளாகப் போனார்.

மாமாவுக்கு 67 வயது. மண்டூர்ப் பக்கம் வெள்ளாமை செய்கிறவர். சீனி 14 வருடம், பிரசர் அதற்கும் முன்னால். கிளினிக் தவறாத மனிதர். ஆனால் 2020 மார்ச்சுக்குப் பிறகு கிளினிக் என்பதே வேறு விதமாகப் போய்விட்டது. முதல் ஊரடங்கில் தபால்காரர் மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார், அது நல்ல ஏற்பாடு, அந்தத் தபால்காரர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடலாம். அப்புறம் சனம் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. ஆள் போவதில்லை, கொப்பி மட்டும் போகும். பக்கத்து வீட்டுப் பொடியன் ஐந்தாறு பேருடைய கொப்பிகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் மாத்திரையோடு வருவான். மாமாவின் கொப்பியைப் பிறகு புரட்டிப் பார்த்தேன். மாதாமாதம் மருந்து எழுதி முத்திரை குத்தியிருக்கிறது, ஆனால் இரத்தச் சீனி எழுதுகிற இடம் 2021 ஏப்ரலில் இருந்து வெறுமை. நான்கு மாதம் மாத்திரை போய்ச் சேர்ந்தது, மனிதரை ஒருவரும் பார்க்கவில்லை.

ஓகஸ்டில் வெள்ளாமை வெட்டு. மெசின்காரர், மூட்டை ஏற்றுகிறவர்கள் என்று ஆட்கள் வந்து போனார்கள். அதில் ஒருவருக்கு இருமல் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள், யார் யாருக்குக் கொடுத்தது என்று யார் கண்டது. மாமாவுக்கு உடம்பு உளைவு, கொஞ்சம் வறட்டு இருமல். காய்ச்சல் இல்லை. “காய்ச்சல் இல்லாமக் கொரோனா வராது மகன்” என்று போனில் எனக்கே பாடம் நடத்தினார். வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்தார், ஆவி பிடித்தார், பனடோல் இரண்டு. மாமிக்கு அதற்கு முன்பே ஊசி போட்டாகிவிட்டது, மிட்வைஃப் பிள்ளை வாசலில் வந்து நின்று கையோடு கூட்டிக்கொண்டு போனது. மாமா போகவில்லை. சீனி இருக்கிற ஆட்களுக்கு ஊசி கூடாது என்று யாரோ வயலில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், அதோடு வெட்டு முடியட்டும் என்றும் ஒரு சாட்டு. சீனி இருக்கிற ஆட்களுக்குத்தான் முதலில் வேண்டும் என்று நான் சொன்னேன். மருமகன் சொன்னால் மாமன் கேட்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது.

ஆறாம் நாள் மனைவி பிடிவாதம் பிடித்து என்னை அனுப்பினாள். நாடு பூட்டியிருந்த நேரம், பார்மசி என்பதால் எனக்குப் பாஸ் இருந்தது. கடையில் கடைசியாக மிஞ்சிய, விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற மெசினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாதையில் ஏறினேன். வீட்டுக்குப் போனால் மனிதர் திண்ணையில் குந்தியிருந்து நெல்லு விலையைப் பற்றிக் கதைக்கிறார், ஒரு வசனம் முழுதாகச் சொல்கிறார், கண்ணில் பயம் இல்லை. சும்மா பார்ப்போம் என்று சுட்டு விரலில் மாட்டினேன். 84. மெசின் பிழை என்று நினைத்து என் விரலில் போட்டேன், 98. திரும்ப அவருக்கு, 83. பற்றரியைக் கழற்றிப் போட்டேன். மற்றக் கை, நடு விரல், 85. அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, “உன்ட சாமான் விக்கிறதுக்கு வந்தியா” என்று கேட்டார். நான் 1990 அம்புலன்சுக்கு போன் அடித்தேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஒட்சிசன் இறங்குகிறபோது மூச்சு முட்டும், மனிதர் துடிப்பார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த வருத்தத்தில் பலருக்கு அப்படி இல்லை. நன்றாகக் கதைத்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். அந்த மெசினும் முழுசாக நம்புகிற சாமான் இல்லை. நகத்தில் பூச்சு இருந்தால் பிழை காட்டும், கறுத்த தோலில் உண்மையை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்று 2020 கடைசியிலேயே அமெரிக்காவில் எழுதியிருந்தார்கள். வயலில் காய்ந்த எங்கள் மனிதர்களின் 85 உண்மையில் 85தானா என்று எனக்கு இப்போதும் ஒரு யோசனை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் மாமா இறந்துபோனார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை, அங்கே நின்றவர்கள் மனிதரால் ஆனதைச் செய்தார்கள். சேர்க்கும்போது சீனி நானூறுக்கு மேல் நின்றது. கொடுக்க வேண்டிய மருந்து டெக்ஸாமெதசோன், அது சீனியை இன்னும் ஏற்றும், ஏற்றினால் இன்சுலின், ஒவ்வொரு சில மணிக்கும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், ஒரு வார்ட்டில் எத்தனை தாதி, எத்தனை விரல். மாமிக்கும் அதே வீட்டில், அதே கிழமை, தொற்று வந்தது. அவவுக்கும் சீனி. 61 வயது. நான்கு நாள் படுத்து எழும்பிவிட்டா. இரண்டு பேரை வைத்துக் கணக்குச் சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும், வயது வேறு, ஆண் பெண் வேறு. ஆனால் ‘சீனி இருந்தது, அதனால் செத்தார்’ என்று யாராவது சொன்னால் எனக்கு மாமி ஞாபகம் வரும்.

அந்த டெக்ஸாமெதசோன் பற்றி ஒரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில் பிரித்தானியாவில் பெரிய பரிசோதனை ஒன்றில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்றும், ஒட்சிசன் மட்டும் எடுத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு என்றும் கண்டுபிடித்தார்கள். மலிவான, பழைய மாத்திரை. ஆனால் ஒட்சிசன் தேவைப்படாதவருக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதும் அதே பரிசோதனையில்தான் இருந்தது. முதல் பாதி மட்டும் ஊருக்கு வந்து சேர்ந்தது. “அந்தக் கொரோனா மாத்திரை தாங்க” என்று கடைக்கு வந்தார்கள், சீனிக்காரர்களும்தான். சீட்டு இல்லாமல் ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தெரிந்த ஆள், அழுகிறார், பொடியனுக்கு இருமல் என்கிறார். கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்கு என்று கொடுத்த பாணிக்கு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்தோம், எங்கள் கையிலும் ஒரு பாணி இருந்தது.

மாமா போன பிறகு நித்திரை வராத இரவுகளில் மற்ற நாடுகளில் யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். ஆங்கிலம் மெதுவாகத்தான் ஏறும், மகள் உதவி செய்தாள். முதலில் சீனாவில் 552 ஆஸ்பத்திரிகளில் இருந்து 1,099 நோயாளிகளின் விவரம் வந்திருந்தது. அதில் எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது ஒரு இலக்கம்: ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது காய்ச்சல் இருந்தவர்கள் 43.8 சதவீதம்தான். பாதிக்கு மேலானவர்களுக்கு அப்போது காய்ச்சலே இல்லை, அவர்களில் பலருக்குப் பிறகுதான் வந்தது, மொத்தத்தில் 88.7 ஆனது. இது வெளியானது 2020 பெப்ரவரி கடைசியில். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் எங்கள் வங்கி வாசலிலும் சங்கக்கடை வாசலிலும் நெற்றிக்குக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி பிடித்து ‘சரி, போங்க’ என்றார்கள். மாமா “காய்ச்சல் இல்லாமக் கொரோனா வராது” என்றதில் என்ன பிழை? நாடே அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தது.

அதே அறிக்கையில் இறந்தவர்கள் 1.4 சதவீதம் என்று இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ‘வெறும் ஒன்றரைதானே’ என்று சொன்னவர்கள் ஏராளம். கீழே பார்த்தால் அந்த நேரம் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இன்னும் வார்ட்டிலேயே இருக்கிறார்கள். பரீட்சை முடிய முன்னமே பெறுபேறு சொன்ன மாதிரி. பிரித்தானியாவில் 20,133 ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பார்த்தபோது 26 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், 34 சதவீதம் பேர் இன்னும் சிகிச்சையில். அதனால் பிரித்தானியாவில் வைரஸ் பத்து இருபது மடங்கு பொல்லாதது என்று அர்த்தமா? இல்லை. சீனாவில் நோயாளிகளின் நடு வயது 47, பிரித்தானியாவில் 73. ஒரு இடத்தில் இலேசான வருத்தக்காரரையும் சேர்த்தார்கள், மற்ற இடத்தில் கட்டில் தேவைப்பட்டவரை மட்டும். எங்கள் நாட்டில் மொத்தம் 6 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் தொற்று, 16 ஆயிரத்து 800க்கு மேல் மரணம் என்று பதிவு. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டரை. அந்த இரண்டரையை வைத்து மண்டூருக்கும் மருதமுனைக்கும் ஒன்றும் சொல்ல முடியாது, வீட்டிலேயே இருமி எழும்பியவர்கள், பரிசோதனைக்கே போகாதவர்கள் அந்தக் கீழ் இலக்கத்துக்குள் இல்லை.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு மிகக் கிட்ட வருவது சீனாவின் இன்னொரு கணக்கு. தொற்று உறுதியான 44,672 பேரில் 1,023 மரணம், 2.3 சதவீதம். 70இல் இருந்து 79 வயதுக்குள் 8 சதவீதம், 80 தாண்டினால் 14.8. வேறு வருத்தம் ஒன்றும் இல்லாதவர்களில் 0.9. சீனி உள்ளவர்களில் 7.3, இருதய வருத்தம் உள்ளவர்களில் 10.5. இந்த 7.3ஐ 0.9ஆல் வகுத்தால் ‘சீனி இருந்தால் எட்டு மடங்கு’ என்று வரும், ஆனால் அது வயதைப் பிரித்துப் பார்க்காத கணக்கு. நான் கடைக்காரன், மிச்சத்தைப் பார்ப்பேன். சீனியோடு தொற்று வந்த நூறு பேரில் தொண்ணூற்றிரண்டு பேருக்கு மேல் அந்தக் கணக்கு எடுத்த நேரம் உயிரோடு இருந்திருக்கிறார்கள், சிலர் இன்னும் வார்ட்டில் இருந்திருப்பார்கள் என்றாலும், அதுவும் தடுப்பூசி வர முன்னம், எந்த மருந்து வேலை செய்யும் என்று தெரிய முன்னம். அப்படியானால் சீனி என்பது சாவுக்குக் காரணம் சொல்லி முடிக்கிற சொல் இல்லை. யாரை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற சொல்.

இன்னொன்று, இது கொரோனா குடும்பத்தின் இன்னொரு பிள்ளை. 2015இல் தென்கொரியாவில் மேர்ஸ் வந்தது. மத்திய கிழக்குக்குப் போய் வந்த 68 வயது ஆள், என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்க முன்னம் இரண்டு மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார், மே 20இல் உறுதியானது. கடைசியில் 186 பேருக்குத் தொற்று, 38 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் ஆஸ்பத்திரிக்குள் வைத்தே தொற்றியது, பக்கத்துக் கட்டில் நோயாளிகள், தாதிமார், அதோடு நோயாளிக்குத் துணையாக நின்ற குடும்பத்தார். அங்கேயும் எங்களைப் போலத்தான், வருத்தக்காரரோடு வீட்டில் இருந்து ஒரு ஆள் போய் நிற்கும், முதுகு தடவும், கஞ்சி பருக்கும். நாங்கள் ஒரு டிஸ்பென்சரியில் குறையாவிட்டால் மூன்றாம் நாள் இன்னொன்றுக்குப் போகிறவர்கள், வார்ட்டில் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வர மனம் வராதவர்கள். இதை மாற்று என்று நான் சொல்ல வரவில்லை, மாறவும் மாட்டோம். ஆனால் அடுத்த முறை திட்டம் போடுகிறவர்கள் துணைக்கு நிற்பவரையும் கணக்கில் எடுத்துத் திட்டம் போட வேண்டும்.

கொவிட்டில் இறந்தவர்களைப் புதைத்த ஓட்டமாவடியைப் பற்றி எழுதாமல் மட்டக்களப்பில் இருந்து இந்தக் கடிதத்தை அனுப்ப முடியாது. 2020 ஏப்ரல் வர்த்தமானியில் இருந்து 2021 பெப்ரவரி 25 வரை இந்த நாட்டில் கொவிட்டில் இறந்த யாரையும் புதைக்க முடியாது, எரிக்க மட்டும்தான். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. எங்கள் கடைக்கு மருதமுனையில் இருந்து ஒரு காக்கா வருவார், உம்மாவுக்குப் பிரசர் மாத்திரை எடுக்க. 2020 கடைசியில் ஒரு நாள் இருமல் மருந்து கேட்டார், யாருக்கு என்றால் உம்மாவுக்கு என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்றேன். மனிதர் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாக, “அங்க மௌத்தானா எரிச்சிருவாங்க தம்பி, வீட்டிலேயே இருக்கட்டும்” என்றார். உம்மா பிழைத்தா, அல்லாஹ் காப்பாற்றினான் என்று பிறகு வந்து சொன்னார். ஆனால் அப்படி வீட்டில் வைத்துக் காத்திருந்து, கடைசி நேரம் கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? தாமதமாக வந்தவர் இறந்தால் அறிவித்தலில் நீரிழிவு வரும், உயர் இரத்த அழுத்தம் வரும். ‘பயத்தால் பிந்தி வந்தார்’ என்று ஒரு நாளும் வராது.

2021 மார்ச் 5 தொடக்கம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்தார்கள். நாட்டின் எல்லாப் பக்கத்தில் இருந்தும் லொறியில் வந்தன, 3,634 உடல்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள், ஆனால் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். கட்டாய எரிப்புக்கு அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். சரி, கேட்டார்கள். நான் அந்த வழியால் வாகரைப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பது, நாடு முழுவதும் இருந்து வந்த இத்தனை பேரைப் பற்றிய விவரம், வயது, வருத்தம், ஊசி போட்டவரா, எத்தனையாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்பதெல்லாம் எங்கேயோ கோப்புகளில் இருக்கும்தானே.

இனி நான் கேட்க வந்தது.

உங்கள் பத்திரிகை இதைக் கையில் எடுக்க வேண்டும். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை, மூன்று சுகாதாரப் பணிமனைகளிடமும் கேளுங்கள். பேர் வேண்டாம், ஊர்கூட வேண்டாம். எங்கள் பகுதியில் இறந்தவர்கள் எத்தனை வயது, சீனி எத்தனை பேருக்கு, கடைசியாகக் கிளினிக்குக்கு ஆளாகப் போனது எப்போது, முதல் இருமலில் இருந்து கட்டில் கிடைக்கும்வரை எத்தனை நாள், ஊசி எத்தனை, வாவியைக் கடந்து வந்தவரா இந்தப் பக்கத்தவரா. அதேபோல பிழைத்து வீட்டுக்குப் போனவர்களையும் கேளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு நொண்டியாகிவிடும். கிடைப்பதைத் தமிழில், ஒரு பக்கத்தில், மாமி வாசித்து விளங்கிக்கொள்கிற மாதிரிப் போடுங்கள். ஊசியைப் பற்றி வயலில் கதைத்தவர்கள் தமிழில்தான் கதைத்தார்கள்.

அப்புறம் ஒன்று சுகாதாரப் பகுதிக்கு, உங்கள் ஊடாக. அடுத்தது எப்போது, என்ன பேரில் வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வந்தால் யாரைப் பிடிக்கும் என்பது இப்போதே எழுதி வைத்திருக்கிறது. கிளினிக் கொப்பிகளில்தான். 60க்கு மேல், சீனி, பிரசர், சிறுநீரகம், இருதயம், ஊர் ஊராகப் பட்டியல் போட ஒரு கிழமை போதும். ஊசி வந்தால் அந்தப் பட்டியலில் இருந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், மிட்வைஃப் பிள்ளை மாமியின் வாசலில் நின்ற மாதிரி ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆள் நிற்கட்டும். ஊர் பூட்டினால் மாத்திரை மட்டும் போகக் கூடாது, விரலில் குத்துகிற மெசினும் விரலில் மாட்டுகிற மெசினும் ஒரு ஆளோடு மாதம் ஒரு தடவை போக வேண்டும். படுவான்கரையில் சில ஊர்களுக்கு அந்த ஆள் பாதையில் போக வேண்டி வரும், பாதை ஓடாத நாளில் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

மாமாவின் கொப்பி என்னிடம் இருக்கிறது. யாராவது உண்மையாகவே இந்த வேலையைத் தொடங்குவதாக இருந்தால் அந்த நான்கு வெறும் மாதங்களைக் காட்டுவேன். கடை ஞாயிறு பின்னேரம் பூட்டு, மற்ற நாட்களில் இரவு எட்டரை வரை இருப்பேன்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு பார்மசிக்காரன்